என் படம் அச்சிட்ட நாற்பத்தெட்டு நாள் பொடி

அனுப்புநர்:
கே. ராஜகோபாலன் (வயது 76),
வேதியியல் இணைப் பேராசிரியர் (ஓய்வு),
முதல் தளம், வடக்குப் பகுதி வீடு,
மயிலாப்பூர், சென்னை – 600 004.

பெறுநர்:
நியமன அலுவலர் அவர்கள்,
உணவுப் பாதுகாப்புத் துறை,
சென்னை மாவட்டம்.

பொருள்: ‘வஜ்ரகாப்பு’ என்ற பெயரில் விற்கப்படும் ஈஸ்ட் பீட்டா குளுக்கன் பொடி – மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்ட பெண் ஒருவருக்குத் தமிழில் எச்சரிக்கை ஏதுமின்றி விற்றது – அதில் என் படமும் பெயரும் சான்றாக அச்சிடப்பட்டது – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: மேற்படி பொடியை விற்கும் நிறுவனத்துக்கு நான் 23.06.2025 அன்று அனுப்பிய பதிவுத் தபால். பதில் இல்லை.

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு, வணக்கம்.

1. நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன். புகார் எழுதிப் பழக்கமில்லாதவன். எங்கள் தெருவில் மூன்று மாதம் கழிவுநீர் தேங்கியபோதுகூட நான் அடுத்த தெரு வழியாகச் சுற்றி நடந்தேனே தவிர யாருக்கும் எழுதவில்லை. இந்த மனுவையும் இதற்குமுன் நான்கு முறை எழுதிக் கிழித்தேன். அந்த நான்கிலும் நிறுவனத்தைப் பற்றிய பத்திகள் நீளமாகவும் என்னைப் பற்றிய பத்திகள் குட்டையாகவும் இருந்தன. இது ஐந்தாவது. குறையிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2. முதலில் பொருளைப் பற்றி. பீட்டா குளுக்கன் என்பது ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்டின் செல் சுவரிலிருந்து பிரித்தெடுக்கப்படும் ஒரு பல்சர்க்கரை. நம் வெள்ளணுக்களில் சில இதை எதிர்ப்பட்டால் கிருமி வந்துவிட்டதென்று எண்ணி விழித்துக்கொள்கின்றன. நலமாக உள்ளவர்களுக்கு இதனால் சளித் தொல்லை சற்றுக் குறையலாம் என்று சில சிறு ஆய்வுகள் சொல்கின்றன. வேறு சில ஆய்வுகள் அப்படி எதையும் காணவில்லை. நான் படித்து அறிந்தது இவ்வளவே. ஈஸ்டின் மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. இந்த விவகாரத்தில் தன் வேலையைச் சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

3. கடந்த 05.01.2025, ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பகுதி மூத்த குடிமக்கள் சங்கத்தின் கூட்டத்தில் மேற்படி நிறுவனத்தின் விற்பனை மேலாளர் திரு. சுஹாஸ் ‘நோய் எதிர்ப்பு ஆற்றலும் நவீன அறிவியலும்’ என்ற தலைப்பில் உரையாற்றினார். தியாகராய நகரில் அலுவலகம், கழுத்தில் அடையாள அட்டை, கையில் மடிக்கணினி ஆகிய மூன்றும் அவரிடம் இருந்தன. நவீன அறிவியல் இருந்ததாக நினைவில்லை. திரையில் ஒரு மனித உடலும் அதனுள் வேல் பிடித்த நூறு வீரர்களும் தெரிந்தனர். அந்த வீரர்கள் தூங்குகிறார்கள் என்றும், பொடியைச் சாப்பிட்டால் எழுந்து நிற்பார்கள் என்றும் விளக்கினார். சர்க்கரை நோய், மூட்டுவலி, மறதி ஆகியவற்றையும் அந்த வீரர்களே விரட்டுவார்களாம். கிருமி இல்லாத நோயை வேலால் எப்படிக் குத்துவது என்று அவையில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

4. அவையில் கேட்கப்பட்ட ஒரே கேள்வி திருமதி வைதேகி என்ற உறுப்பினருடையது. ஈஸ்ட் உயிருள்ள வஸ்துவா, ஏகாதசியன்று எடுத்துக்கொள்ளலாமா என்று அவர் கவலையோடு கேட்டார். அதற்குத் திரு. சுஹாஸ், “உயிரை எடுத்துட்டோம் மாமி, தோல் மட்டுந்தான் பாக்கி” என்று பதிலளித்தார். சபை நிம்மதியடைந்தது. பட்டதாரிகளும், ஓய்வுபெற்ற பொறியாளர்களும், வங்கி மேலாளர்களும் நிறைந்த சபை அது. ஓர் உயிரைக் கொன்று தோலை உரித்துக் கொடுத்தால் விரதத்துக்குப் பங்கமில்லை என்பதை அறுபத்திரண்டு பேர் தலையசைத்து ஏற்றுக்கொண்டதை என் வாழ்நாளில் அன்றுதான் கண்டேன்.

5. அந்த உரையில் நான் ஏழு பிழைகளைக் கண்டு, வழக்கம்போல் ஒரு தாளில் எண்ணிட்டுக் குறித்தேன். பிறகு அதே தாளின் மறுபக்கத்தைப் பார்த்து நன்றியுரை ஆற்றினேன். சங்கத்தின் இணைச் செயலாளர் என்ற முறையில் பதினான்கு ஆண்டுகளாக நன்றியுரை என் பொறுப்பு. மறுக்கத் தெரியாதவனுக்கு அந்தப் பொறுப்பைத் தருவது எங்கள் சங்கத்தின் வழக்கம். முழங்கால் தைலம், காது கேட்கும் கருவி, தண்ணீர் சுத்திகரிப்பான் என எதைப் பற்றி யார் வந்து பேசினாலும் நான் எழுந்து, “இது நம் அனைவருக்கும் பயன்தரும் என்பதில் எள்ளளவும் ஐயமில்லை” என்று முடிப்பேன். கேட்பவர்கள் அதற்குள் காபி இருக்கும் மேசையை நோக்கித் திரும்பிவிடுவார்கள். அந்த வாக்கியத்தை எவரும் நம்பியதாக எனக்கு இதுவரை தகவல் இல்லை. அன்றும் அதையே சொன்னேன். பொன்னாடை போர்த்தினார்கள். ஒரு டப்பாவைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள்.

6. மார்ச் மாதத்திலிருந்து கடைக்கு வந்த டப்பாக்களில் அந்தப் படம் உள்ளது. படத்தின் கீழே, “நம் அனைவருக்கும் பயன்தரும் என்பதில் எள்ளளவும் ஐயமில்லை – வேதியியல் பேராசிரியர் முனைவர் ராஜகோபாலன்” என்று அச்சிட்டிருக்கிறார்கள். நான் முனைவர் அல்லன். 1984இல் ஆய்வுக்குப் பதிவு செய்து, முடிக்காமல் விட்டவன். என் வழிகாட்டி தர மறுத்த பட்டத்தை ஒரு பொடிக் கம்பெனி நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு வழங்கியிருக்கிறது. இதைக் கண்டவுடன் நான் ஆட்சேபித்திருக்க வேண்டும். செய்யவில்லை. தெருவில் இரண்டு பேர் வாழ்த்துச் சொன்னார்கள். அது சற்று இதமாகவே இருந்தது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

7. இனி விற்பனை முறை. இந்தப் பொடியை அவர்கள் மாதக் கணக்கில் விற்பதில்லை, ‘ஒரு மண்டலம்’ என்று விற்கிறார்கள். ஒரு டப்பாவில் நாற்பத்தெட்டு பொட்டலங்களும், நாள்தோறும் குறியிட நாற்பத்தெட்டுக் கட்டங்கள் கொண்ட ஓர் அட்டையும் இருக்கும். அட்டையின் தலைப்பில் ‘மண்டலம் முறியக் கூடாது’ என்று சிவப்பு எழுத்தில் உள்ளது. எந்த ஆய்வகத்தில், எந்த எலிக்கு நாற்பத்தெட்டு நாள் கொடுத்துப் பார்த்தார்கள் என்று கடிதத்தில் கேட்டிருந்தேன். விரதம் இருப்பவர்கள் நடுவில் நிறுத்தமாட்டார்கள் என்ற ஒன்றைத் தவிர இந்த எண்ணுக்கு வேறு ஆதாரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இவர்களுடைய மொத்த ஆராய்ச்சியும் நம் மக்களின் பயபக்தியைப் பற்றியதே. அதில் மட்டும் நல்ல தேர்ச்சி பெற்றிருக்கிறார்கள்.

8. பாதிக்கப்பட்டவர் திருமதி செண்பகம், வயது 38. எங்கள் அடுக்ககத்தின் மாடிப்படிக்குக் கீழே தையல் இயந்திரம் போட்டுப் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைப்பவர். 2021ஆம் ஆண்டு அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, அவருடைய அக்கா பாஞ்சாலி தம்முடைய ஒன்றைக் கொடுத்தார். அதுமுதல் காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் மாத்திரை. பிறர் உறுப்பை உடல் அந்நியனாகக் கருதித் தாக்காதிருக்க, உடலின் எதிர்ப்பு ஆற்றலை வேண்டுமென்றே அடக்கிவைக்கும் மாத்திரைகள் அவை. திரு. சுஹாசின் மொழியில் சொன்னால், அந்த வீரர்கள் தூங்கினால்தான் செண்பகம் உயிரோடு இருக்க முடியும். நான்கு ஆண்டுகளாக அவர் ஒவ்வொரு வேளை மாத்திரைக்கும் காலண்டரில் ஒரு கோடு போட்டு வருகிறார். காலண்டர்களை நான் பார்த்தேன். கோடு இல்லாத வேளை ஒன்றுகூட இல்லை.

9. ஏப்ரல் மாதத்தில் நிறுவனத்தார் எங்கள் அடுக்ககத்தின் தரைத்தளத்தில், தபால் பெட்டிகளுக்கு அருகே, என் படத்துடன் ஆளுயர விளம்பரப் பலகை ஒன்றை நிறுத்தினார்கள். அது திருமதி செண்பகத்தின் இயந்திரத்துக்கு நேர் எதிரே இருந்தது. காலைமுதல் மாலைவரை அவர் என் முகத்தைப் பார்த்தபடி தைத்தார்.

10. இந்தப் பத்தியை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒருநாள் நான் படியேறும்போது அவர் என்னை நிறுத்தி, “சார், உங்க போட்டோ போட்டுகீறாங்களே, இத்த நான் துன்லாமா?” என்று கேட்டார். அவருக்குச் சிறுநீரக அறுவை நடந்தது எனக்குத் தெரியும். எதிர்ப்பு ஆற்றலை அடக்கும் மாத்திரை என்றால் என்ன என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். கையில் பால் பை இருந்தது, மேலே என் மனைவி கோமளம் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான், “எல்லாரும் நல்லதுன்னுதாம்மா சொல்றா” என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டேன். அந்த ‘எல்லாரும்’ யார் என்று இன்றுவரை என்னால் பெயர் சொல்ல இயலவில்லை.

11. அவர் 14.04.2025, சித்திரை முதல் நாள், நல்ல நாள் என்று தொடங்கினார். மூன்றாவது வாரத்தில் உடல்வலியும் லேசான காய்ச்சலும் வந்தன. டப்பாவில் உள்ள எண்ணுக்குப் பேசினார். மறுமுனையில் பேசிய பெண், “அது ஒண்ணுமில்லம்மா, உள்ள படை முழிச்சிக்குது. நடுவுல நிறுத்தினா மண்டலம் முறிஞ்சிரும்” என்றார். முப்பத்தோராம் நாள் கால் வீங்கியது. மறுபடி பேசினார். அதே பதில் வந்தது. ஒருவருக்கு மாற்றுச் சிறுநீரகம் இருக்கிறதா, வேறு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்கும் அளவுக்குக்கூட அந்தத் தொலைபேசிக்குப் பயிற்சி தரப்படவில்லை. ‘மண்டலம்’ என்று சொல்ல மட்டும் தரப்பட்டிருக்கிறது. 31.05.2025 அன்று அவர் நாற்பத்தெட்டாவது கட்டத்தில் குறியிட்டார்.

12. ஜூன் 3ஆம் தேதி அவர் அரசு மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகம் வடித்து வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் 1.3இலிருந்து 2.9ஆக உயர்ந்திருந்தது. திசுப் பரிசோதனையில், உடல் மாற்றுச் சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கியிருப்பது தெரிந்தது. மூன்று நாள் ஊசி போட்டார்கள். இப்படி நேர்ந்தால் பெரும்பாலும் நோயாளி மாத்திரையை விட்டிருப்பார் என்பது அனுபவம். அதன்படி அவருடைய கோப்பில் ‘மாத்திரைகளை ஒழுங்காக உட்கொள்ளாதவர்’ என்று எழுதிவிட்டார்கள். மருத்துவர்களை நான் குறை சொல்லவில்லை. வேறு என்ன சாப்பிட்டார் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஏன் பொடியைப் பற்றிச் சொல்லவில்லை என்று பின்னர் நான் கேட்டபோது திருமதி செண்பகம் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: “மருந்து இன்னா துன்றேன்னுதான் சார் கேட்டாங்க. இது மருந்து இல்லைன்னு டப்பாலயே போட்டுகீதே.” உண்மைதான். ‘இது மருந்து அல்ல’ என்ற வரி டப்பாவின் முகப்பில் நல்ல தமிழில், பெரிய எழுத்தில் இருக்கிறது. அந்த ஒரு வரியைத்தான் அவர்கள் உண்மையாக அச்சிட்டார்கள். அதுவும் இப்படி உதவியது.

13. கோப்பில் எழுதியதைப் பெரும்பாக்கத்திலிருந்து வந்த அக்கா பாஞ்சாலியிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். அவர் வார்டில் எல்லோர் முன்னிலையிலும், “என் உடம்புலேர்ந்து அறுத்துக் குடுத்தேன். ஒரு மாத்திரைய நேரத்துக்குத் துன்ன முடியலியா உனுக்கு?” என்று கேட்டுவிட்டு, கொண்டுவந்த சாப்பாட்டுப் பையை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். அதன்பின் வரவில்லை. தொலைபேசியையும் எடுப்பதில்லை. சிறுநீரகம் இன்னும் பாதி வேலை செய்கிறது, வாரம் ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். ஆனால் திருமதி செண்பகம் என்னிடம் அழுதது அதற்காக அன்று. அக்கா தன்னைப் பொய்க்காரி என்று நினைப்பதற்காக.

14. அவர் வீடு திரும்பிய பின் நான் பார்க்கப் போனபோது, தாம் எதையும் விடவில்லை என்று காட்டுவதற்காகக் காலண்டர்களோடு அந்த நாற்பத்தெட்டுக் கட்ட அட்டையையும் எடுத்துக் காட்டினார். அட்டையின் மூலையிலும் என் படம். அதையும் டப்பாவையும் வாங்கிக்கொண்டு 12.06.2025 அன்று மருத்துவமனைக்குப் போய் நான்கு மணி நேரம் காத்திருந்து மருத்துவரைச் சந்தித்தேன். பொடிதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் இந்த நோயாளியின் கைக்கே இது போயிருக்கக் கூடாது என்று அந்த அம்மையார் விளக்கினார். இந்த மனுவிலும் அதற்கு மேல் நான் எதையும் சாதிக்க விரும்பவில்லை. பிறகு அவர், “யார் குடுத்தாங்க இத?” என்று கேட்டார். நான் டப்பாவைத் திருப்பிப் படத்தைக் காட்டினேன். அவர் படத்தையும் என்னையும் ஒருமுறை பார்த்துவிட்டு, கோப்பில் பொடியைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். முதலில் எழுதிய வரி அடிக்கப்படவில்லை.

15. 19.06.2025 அன்று தியாகராய நகர் அலுவலகத்துக்குப் போனேன். திரு. சுஹாஸ் மரியாதையாக நாற்காலி போட்டார். நடந்ததை முழுக்கக் கேட்டார். பின்பு, “மாமா, நீங்க சொன்னதைத்தானே போட்டிருக்கோம்? ஒரு வார்த்தைகூட நாங்களா சேர்க்கலை. வேணும்னா வீடியோ காமிக்கறேன்” என்றார். ‘முனைவர்’ யார் சேர்த்தது என்று கேட்டேன். அது டிசைன் செய்தவர் போட்டது, நன்றாகத்தானே இருக்கிறது என்றார். செண்பகத்தின் பெயரை அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. எழுந்தபோது இரண்டு மண்டலத்துக்கான பொடியைப் பையில் போட்டுக் கையில் கொடுத்தார். நான் அதை லிஃப்ட் அருகே வைத்துவிட்டு வந்தேன். எறிந்துவிட்டு வந்ததாக நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

16. டப்பாவில் எச்சரிக்கையே இல்லை என்று நான் சொன்னால் அது பொய்யாகும். அடிப்பக்கத்தில், மடிப்புக்கு உள்ளே, ஆங்கிலத்தில், வேறு மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்று ஒரு வரி உள்ளது. உருப்பெருக்கிக் கண்ணாடியும் அளவுகோலும் வைத்து அளந்தேன். எழுத்தின் உயரம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. என் படத்தின் உயரம் ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர். திருமதி செண்பகம் தமிழ் மட்டும் படிப்பவர். மண்டலத்தை அவருக்குத் தமிழில் விற்றார்கள், ஆபத்தை ஆங்கிலத்தில் அடியில் மடித்து வைத்தார்கள். இதைச் செய்யத் தெரிந்தவர்களை அறியாதவர்கள் என்று சொல்ல முடியவில்லை. அறிந்தவர்கள் என்று சொல்லி மரியாதை கொடுக்கவும் மனம் வரவில்லை.

17. எங்கள் சங்கத்திலும் முறையிட்டேன். செயற்குழு கூடி, ஆண்டு விழாவுக்கு அந்நிறுவனம்தான் ஆதரவளிப்பவர் என்பதால் ‘இப்போதைக்கு’ ஒன்றும் வேண்டாம் என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. ஒருமனதாக என்பதில் என் மனமும் அடக்கம், ஏனெனில் அப்போதும் நான் எதிர்த்துக் கையுயர்த்தவில்லை. மறுநாள் இணைச் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகக் கடிதம் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டார்கள். நன்றியுரைக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டதாக அறிகிறேன்.

18. இத்துடன், டப்பா ஒன்று, நாற்பத்தெட்டுக் கட்ட அட்டையின் நகல், திருமதி செண்பகத்தின் காலண்டர் பக்கங்களின் நகல் (ஐம்பத்திரண்டு தாள்கள்), அவருடைய சம்மதக் கடிதம், இரத்தப் பரிசோதனை முடிவுகள், உரையில் நான் கண்ட ஏழு பிழைகளின் பட்டியல் ஆகியவற்றை இணைத்துள்ளேன். பட்டியலின் மறுபக்கத்தில் என் நன்றியுரை உள்ளது. அதையும் படித்துப் பார்க்கலாம்.

19. ஆகவே தாங்கள் அருள்கூர்ந்து,

அ) மேற்படி பொடியின் மாதிரியை எடுத்துச் சோதித்து, அதன் விளம்பரங்களையும் ‘மண்டலம்’ என்ற விற்பனை முறையையும் விசாரிக்க வேண்டும்.

ஆ) உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களும், எதிர்ப்பு ஆற்றலை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இதைத் தொடக்கூடாது என்று டப்பாவின் முகப்பில், தமிழில், இப்போது என் படம் இருக்கும் அளவில் அச்சிட ஆணையிட வேண்டும். இடத்துக்குச் சிரமம் இராது. படத்தை எடுத்துவிட்டால் போதும்.

இ) என்னைப் புகார்தாரராக மட்டும் கருதாமல், இந்தப் பொடிக்குச் சான்று சொன்னவன் என்ற முறையில் நிறுவனத்தாரோடு சேர்த்து விசாரிக்க வேண்டும். வயதை முன்னிட்டு விலக்கு எதுவும் வேண்டாம்.

ஈ) திருமதி செண்பகத்தை விசாரணைக்கு அழைப்பதானால் இரத்தப் பரிசோதனை நாளான வியாழனைத் தவிர்க்க வேண்டும். அவர் படியேறக் கூடாது. தரைத்தளத்தில் ஓர் அறை போதும்.

உ) கடைசியாக ஒன்று. இது தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. விசாரணையின் முடிவு எதுவானாலும், திருமதி செண்பகம் நான்கு ஆண்டுகளில் ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவிட்டதாக அவருடைய காலண்டர்களில் இல்லை என்பதையும், அவர் இந்தப் பொடியை நாற்பத்தெட்டு நாள் உட்கொண்டார் என்பதையும் இரண்டு வரியில் எழுதி, தங்கள் அலுவலக முத்திரையுடன், திருமதி பாஞ்சாலி அவர்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். முகவரியைத் தனித்தாளில் எழுதியுள்ளேன். அவர் எட்டாம் வகுப்புவரை படித்தவர், தாமே வாசித்துக்கொள்வார். நானே எழுதி அனுப்பலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் கீழே என் பெயர் இருந்தால் அவர் நம்பமாட்டார். நம்பவும் கூடாது.

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
கே. ராஜகோபாலன்
(முனைவர் அல்லன்)

இடம்: மயிலாப்பூர், சென்னை
நாள்: 07.07.2025